சுழி வரிசை

இருநூற்று நாற்பது ஜாடிகள்.
காலையில் எண்ணினேன், ஒன்று குறைந்தது.
மதியம் கிடைத்தது,
ஜன்னலோரத்தில், என் காபிக் கோப்பைக்குப் பின்னால்.
ஹெர்மினா பார்க்கவில்லை. பிழைத்தேன்.

கிராகோவில் மார்ச். தெருவில் பனி
பாத்திரம் கழுவிய நீர்போல உருகுகிறது.
வளர்ப்பறைக்குள் என்றும் இருபத்து நான்கு டிகிரி,
பதினாறு மணிநேரப் பகல்,
குழல்விளக்கின் ஓயாத முணுமுணுப்பு.

ஜாடிக்குள் இரண்டு விரற்கடை அகார்,
சர்க்கரை, கொஞ்சம் ஹார்மோன்,
அப்புறம் காட்மியம் உப்பு,
நாக்கில் வைத்தாலும் தெரியாத அளவு.
(வைத்துப் பார்த்ததில்லை.)
இடுக்கியைத் தீயில் காட்டி, ஆறவிட்டு,
தண்டை நகக்கண் அளவு நறுக்கி நட வேண்டும்.
மூடிகளில் என் கோணல் எழுத்து:
சுழி, ஐந்து, பத்து, ஐம்பது.

செடி ஒன்றுதான். கோஷ்ஜிக்.
எங்கள் மொழியில் சிற்றாணி என்று பொருள்,
கிராம்புக்கும் அதுவே பெயர்.
ஊர் மட்டும் இரண்டு.
பாதி, ஆறு வளைந்தோடும் ஒரு புல்வெளியிலிருந்து.
மீதி, ஓல்குஷ் பக்கம்
துத்தநாகச் சுரங்கம் கொட்டிவைத்த கழிவு மேட்டிலிருந்து.

புல்வெளிக்காரி சுழியில் செழித்தாள்:
வெட்டிய துண்டில் பச்சைத் திரள்,
திரளில் ஆறு குருத்து.
ஐந்தில் ஏழு!
ஹெர்மினா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
மறுபடி எண்ணினாள். ஏழுதான்.
சிட்டிகை விஷம் ருசித்திருக்கிறது.
பத்தில் வேர்கள் கருகிய திரிகள்.
ஐம்பதில்
தேநீர் நிறம் ஏறிய துண்டு
வெட்டின இடத்தில் வெட்டினபடியே கிடந்தது.

மேட்டுக்காரி ஐம்பதிலும் குருத்துவிட்டாள்,
குட்டையாய், பிடிவாதமாய்.
சுழியில்தான் சிக்கல்.
கண்ணாடிபோல் ஊதிய இலை,
தொட்டால் நீர், வேரே இல்லை.
மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அதே.
தின்ற உப்பை மறக்காத ஜென்மம்.
"குறித்துக்கொண்டாய் அல்லவா,
சுழி வரிசையைக் கொதிகலனில் போடு.
இனி அதில் பார்க்க ஒன்றுமில்லை," என்றாள் ஹெர்மினா.

அந்த மேட்டின் நிழலில்தான் எங்கள் பள்ளி.
அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து சறுக்குவோம்,
சிற்றாணிப் பூ பிய்த்துக் காதில் செருகுவோம்,
உள்ளங்கை சாம்பலாகும்.
இரண்டாம் வகுப்பில் ஒரு நர்ஸ் வந்து
விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனாள்.
சீட்டு வந்தது. எனக்கு ஈயம் பத்தொன்பது.
வித்தோல்டுக்கு இருபத்தேழு.
பரீட்சையில் ஒருநாளும் முதலில் வராதவன்
சீட்டை உயர்த்திப் பிடித்து
மைதானத்தைச் சுற்றி ஓடினான்.
நான் பொறாமையில் அழுதேன்.

அந்தக் கோடையில் எங்களைக் கடலோரம் அனுப்பினார்கள்,
சுத்தமான காற்றுக்கு.
முதல் வாரம் முழுக்க வித்தோல்டு வாந்தி எடுத்தான்.
ஆலைச் சங்கு ஊதாத இரவில்
எப்படித் தூங்குவது என்று
எங்களைப் பார்த்துக்கொண்ட அக்காவிடம் கேட்டான்.
அவளுக்குக் கேள்வி புரியவில்லை.

நேற்று அவனுக்குப் போன் செய்தேன்.
க்டீனியாவில் டிராலிபஸ் ஓட்டுகிறான்,
இருபது வருஷமாய்க் கடலோரம்.
மனைவி, ஒரு பையன், ஓயாத பல்வலி.
தூக்கமெல்லாம் நன்றாகத்தான் வருகிறதாம்.
"பழக எத்தனை நாள் ஆச்சு?"
"யார் எண்ணினது?" என்றான்.
இடைவேளை முடிந்துவிட்டது, வைத்துவிட்டான்.

கொதிகலன் சூடேறுகிறது.
மேட்டுக்காரியின் சுழி வரிசை தட்டில் தயார்,
இருபத்தொன்பது ஜாடிகள்.
முப்பதாவது
ஜன்னலோரத்தில், காபிக் கோப்பைக்குப் பின்னால்.
மூடியில் தேதியை அடித்துவிட்டுப்
பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
இன்னும் ஒரு வாரம்.